பராமரிப்பாளர் சோப்பு

மீட்கப்பட்ட பிராணிகளுக்குப் பொருத்தமான இல்லம் கண்டறியும் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருந்தது. பெயர்ப்பலகை வாசலைவிட நீளம். அதனால் பலகை 'பொருத்தமான' என்ற இடத்தில் மடங்கி, மீதி பக்கத்துச் சந்துக்குள் போயிருந்தது. தெருவில் திக்கற்றுத் திரியும் நாயை யாராவது நல்ல மனசுக்காரர் அறுபது நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் பிரிவு அதற்கேற்ற நல்ல வீடாகப் பார்த்து அனுப்பிவைக்கும். பார்த்துக்கொண்டவரே நாயை வைத்துக்கொள்ள முடியாது. தற்காலிகமானது நிரந்தரமாகாது என்பது பதினான்காம் விதி.

சலூன்காரருக்கு முதலில் இந்த விதியெல்லாம் தெரியாது. மழைக்குக் கடைக்குள் ஒதுங்கிய ஒரு காது கிழிந்த பழுப்பு நாய், வந்த கையோடு சவரச் சோப்பு ஒன்றைக் கடித்துத் தின்றுவிட்டு மூன்றாவது நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது. சோப்பு என்று பெயர் வைத்தார். பெயரில்தான் சோப்பே தவிர, யாருக்கும் சோப்புப் போடத் தெரியாத பிராணி அது. பிஸ்கட் கொடுத்தவனுக்கும் வால் ஆட்டும், கொடுக்காதவனுக்கும் அதே அளவுதான் ஆட்டும்.

"முறைப்படி போய்ப் பதிஞ்சிட்டு வாடா, இல்லேன்னா வண்டி வந்து பிடிச்சிட்டுப் போயிடும்" என்றாள் அக்கா. மாடியில் தம்பிக்குச் சமைப்பதும் கீழே இறங்கி வந்து தம்பியைத் திட்டுவதும் அவள் பொறுப்பு.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நகலுக்கு நகல் எடுத்து, அந்த நகலுக்கும் நகல் எடுத்த படிவம். முதல் கட்டத்தில் 'வளர்ப்பவர்' என்று இருந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு எழுத்தும் மை மங்கிக் காணாமல் போய், 'வளர்ப்ப' என்று நின்றது. வளர்ப்பு என்றால் நாய்தானே? சலூன்காரர் 'சோப்பு, வயது மூன்று' என்று எழுதினார். இரண்டாவது கட்டத்தில் தெளிவாகவே 'வளர்ப்பு' என்று இருந்தது. ஒரே ஆளை இரண்டு தடவையா கேட்பார்கள்? இது நம்மைத்தான் கேட்கிறது என்று முடிவுகட்டி, தன் பெயரையும் ஐம்பத்திரண்டு வயதையும் எழுதினார்.

கீழே கேள்விகள் வரிசையாக இருந்தன.

"கடிக்குமான்னு கேட்டிருக்காங்கக்கா."

"ஆள் எப்படின்னு விசாரிக்கிறாங்கடா. இதுவரைக்கும் இல்லேன்னு போடு."

"குரைக்குமா?"

"கோபம் வந்தா மட்டும்னு எழுது. உண்மையை மறைக்கக் கூடாது."

"கருத்தடை செய்யப்பட்டதா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சலூன்காரர் கூச்சத்தோடு 'இல்லை' என்று சின்ன எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அரசாங்கம் இப்போதெல்லாம் ரொம்பத்தான் அக்கறை எடுத்துக்கொள்கிறது என்று வழிநெடுக வியந்தார்.

ஐம்பதாவது நாள் ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் பராமரிப்பில் உள்ள ஆண், வயது ஐம்பத்திரண்டு, நிறம் மாநிறம், என்பவருக்குப் பொருத்தமான இல்லம் கண்டறியப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' பெறுநர் என்ற இடத்தில் 'திரு. சோப்பு அவர்கள், பராமரிப்பாளர்' என்று இருந்தது. சலூன்காரர் அதை மூன்று தடவை படித்தார். அந்த ஐம்பது நாளில் நாயின் மேல் அவருக்கு உயிரே ஒட்டிக்கொண்டிருந்தது. கடையைத் திறந்ததும் அது கொட்டாவி விடுகிற சத்தம் கேட்காவிட்டால் அவருக்குக் கத்தரிக்கோல் ஓடாது. அதைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களே என்றுதான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தார். கடைசியில் அவரையல்லவா கொண்டுபோகப் பார்க்கிறார்கள்!

பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே எழுத்தர் அம்மா ஒருவர் இருந்தார். பத்தொன்பது வருஷமாகத் தற்காலிக ஊழியர்.

"அம்மா, தப்பு நடந்துபோச்சு. நாய் அவன், மனுஷன் நான்."

எழுத்தர் அம்மா கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "கோப்பில அப்படி இல்லையே."

"என்னைப் பாருங்கம்மா, கண்ணுக்குத் தெரியலையா?"

"என் கண்ணுக்குத் தெரியுது. கோப்புக்குக் கண் இல்லையே. திருத்தணும்னா பராமரிப்பாளர் கையெழுத்துப் போடணும். சோப்புக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"கைநாட்டு?"

"கால்நாட்டுதான் வைக்கும்."

"கால்நாட்டு விதியில கிடையாது."

"சரி, நான் போயிட்டா சோப்பு என்ன ஆவான்?"

"அவருக்கு என்ன? நல்ல பராமரிப்பாளர்னு பேர் எடுத்திருக்கார். வேற யாரையாவது ஒதுக்குவோம்."

சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எழுத்தர் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. விதிப் புத்தகத்தின் தூசியைத் தட்டினார். "இருபத்திரண்டாம் விதின்னு ஒண்ணு இருக்கு. இதை இதுவரைக்கும் யாரும் படிச்சதில்லை, நானே இன்னிக்குத்தான் படிக்கிறேன். ஆய்வுக்கு வர்ற அதிகாரி முன்னால பராமரிப்பாளர் தன் வாயால ஆட்சேபம் சொன்னா, இன்னும் அறுபது நாள் நீட்டிப்பு. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லலாம்."

"அவனுக்குப் பேச வராதேம்மா!"

"எந்த மொழியில சொல்லணும்னு விதியில இல்லை. உறுமினா ஆட்சேபம். வால் ஆட்டினா சம்மதம்."

சோப்பு இந்த ஐம்பது நாளில் வால் ஆட்டாத ஆளே கிடையாது.

மறுநாள் பொருத்தமான இல்லத்துக்காரர்களே அவரைப் பார்க்க வந்துவிட்டார்கள். கணவனும் மனைவியும் ஒரே நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். அந்த உடையும் யாரோ தூக்கிப் போட்டதிலிருந்து மீட்டதாம். எதையும் புதிதாக வாங்குவது போன வருஷத்து நாகரிகம், மீட்பதுதான் இந்த வருஷத்து நாகரிகம் என்று விளக்கினார்கள். வீட்டில் ஏற்கெனவே மீட்கப்பட்ட கதவு, மீட்கப்பட்ட தொட்டிச்செடி, மீட்கப்பட்ட கழுவுதொட்டி எல்லாம் இருக்கிறதாம். உயிருள்ளது ஒன்றுதான் குறை.

"இவருக்குச் சோகக்கதை ஏதாவது இருக்கா? வர்றவங்ககிட்ட சொல்லணும்" என்று கேட்டாள் மனைவி.

"சோகத்துக்கு என்னம்மா குறைச்சல்? கல்யாணமே ஆகலை" என்றாள் அக்கா, வாய் தவறி.

"அற்புதம்!" என்றான் கணவன். "காது மட்டும் கொஞ்சம் கிழிஞ்சிருந்தா இன்னும் எடுப்பா இருக்கும்."

"காது கிழிஞ்சது அதோ இருக்குதே, அதைக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைச் சலூன்காரரே பொத்திக்கொண்டார்.

"அவர் பராமரிப்பாளராச்சே. அவரை எப்படிக் கேட்கிறது?"

"நான் மனுஷன்ங்க!"

மனைவி கையில் இருந்த கையேட்டைப் புரட்டினாள். "ஆரம்பத்துல முரண்டு பிடிப்பாங்களாம். ரெண்டு வாரத்துல பழகிடுவாங்கன்னு போட்டிருக்கு." போகும்போது அவர் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து சோப்புக்குப் பயிற்சி ஆரம்பமானது. சலூன்காரர் நாலு காலில் நின்று உறுமிக் காட்டினார். சோப்பு வாலை ஆட்டியது. அக்கா துடைப்பத்தோடு வந்து உறுமிக் காட்டினாள். அது இன்னும் வேகமாக ஆட்டியது. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களும் தங்களால் ஆனதை உறுமிப் பார்த்தார்கள். தெருவே உறுமியது, நாயைத் தவிர.

அறுபதாவது நாள் ஆய்வு அதிகாரி வந்தார். பின்னாலேயே எழுத்தர் அம்மா, குறிப்பேட்டோடு. வாசலில் அந்தக் கணவனும் மனைவியும் மீட்கப்பட்ட கழுத்துப்பட்டை ஒன்றோடு நின்றார்கள். சோப்பு நாற்காலியிலிருந்து இறங்கிப் போய் அதிகாரியின் காலணியை மோந்து பார்த்தது. வால் லேசாக அசைந்தது. சலூன்காரருக்கு உயிரே போய்விட்டது.

அப்போதுதான் அக்காவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன மாதம் ஒரு வாடிக்கையாளர் தெரியாமல் மூன்றாவது நாற்காலியில் செய்தித்தாளை வைத்தார். வைத்தவரை ஒன்றும் செய்யாமல் செய்தித்தாளை மட்டும் சுக்குநூறாக்கியது சோப்பு.

"ஐயா நிக்கிறீங்களே" என்றாள் அக்கா, என்றைக்கும் இல்லாத குழைவோடு. "உட்காருங்க. இல்லையில்லை, அந்த ரெண்டும் சாதாரண ஆளுங்க உட்கார்றது. இது பெரியவங்களுக்குன்னே வச்சிருக்கிற நாற்காலி."

காலியாக ஒரு நாற்காலியும் அது பெரியவர்களுக்கானது என்ற தகவலும் சேர்ந்து கிடைத்தால் எந்த அதிகாரிதான் நிற்பார்? அவர் உட்கார்ந்தார். சோப்பு திரும்பிப் பார்த்தது. அதன் வால் நின்றது. அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் கிளம்பி, அலமாரியில் இருந்த பவுடர் டப்பா வரைக்கும் அதிர்ந்தது.

"பராமரிப்பாளர் தமது கடுமையான ஆட்சேபத்தைப் பதிவு செய்தார்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார் எழுத்தர் அம்மா.

"எழுதிக்குங்க, எழுதிக்குங்க!" என்று கத்திய அதிகாரி, கால் இரண்டையும் தூக்கி நாற்காலி மேலேயே வைத்துக்கொண்டார். அறுபது நாள் நீட்டிப்புக்கு அங்கேயே கையெழுத்தானது. சலூன்காரர் நாயைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார். வாசலில் நின்றவர்கள் எதிர்க்கடை ஏணியை மீட்டுக்கொண்டு போனார்கள். எதிர்க்கடைக்காரர் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் சோப்பின் ஆட்சேபம் செல்லுபடியாகும் என்ற செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. முதலில் வந்தவர் அந்த அதிகாரியேதான், யாருக்கும் தெரியாமல். அவருக்கு இடமாற்றம் வரப்போகிறதாம். தானாகவே மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து உறுமல் வாங்கி, எழுதி எடுத்துக்கொண்டு போனார். இடமாற்றம் நின்றது. அடுத்து எழுத்தர் அம்மா வந்தார். பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தார்களாம். உறுமல் வாங்கிப் போய்த் தற்காலிகமாகவே நீடித்தார். தண்ணீர்க் குழாய் வெட்டு, கட்டட இடிப்பு, மாமியார் வருகை என்று சோப்பின் ஆட்சேபம் தேவைப்படாத குடும்பமே இல்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. பிஸ்கட் வந்தது. மெத்தை வந்தது. மூன்றாவது நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டும் வந்தது. முடி வெட்ட வருகிறவர்கள் வெளியே நின்றார்கள். சோப்பு காலையில் நேரம் கழித்து எழுந்தது, மத்தியானம் யாரையும் பார்க்கவில்லை.

சலூன்காரர் பெருமையோடு சிரித்துக்கொண்டிருந்தார், அடுத்த கடிதம் வரும்வரை.

'தங்கள் பராமரிப்பில் உள்ள ஆண், வயது ஐம்பத்திரண்டு, இதுவரை கருத்தடை செய்யப்படாதவர் என்று படிவத்தில் தெரிவிக்கப்பட்டுள்ளது. மீட்கப்பட்ட பிராணிகள் அனைத்துக்கும் இது கட்டாயம். நாளைக் காலை பத்து மணிக்கு வண்டி வரும். பராமரிப்பாளருக்கு ஆட்சேபம் இருந்தால் இன்றே தெரிவிக்கலாம்.'

சலூன்காரர் ஆய்வு அதிகாரியையும் எழுத்தர் அம்மாவையும் கையோடு இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார். "ஐயா, சீக்கிரம் உட்காருங்க!" அதிகாரி மூன்றாவது நாற்காலியின் ஓரத்தில், மெத்தைக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்தார். எழுத்தர் அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"சோப்பு, உறுமுடா ராஜா!"

சோப்பு ஒரு கண்ணை மட்டும் திறந்தது. சலூன்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தது. இரண்டும் வெறுங்கை.

"அக்கா! பிஸ்கட் டப்பா எங்கேக்கா?"

"நேத்தே தீர்ந்துபோச்சேடா!"

"டேய் சோப்பு, நான்டா! மழையில வந்த உன்னைச் சேர்த்துக்கிட்டேனேடா!"

சோப்பு நீளமாகக் கொட்டாவி விட்டது. முன்கால் மேல் தலையை வைத்துக்கொண்டு, திறந்த கண்ணையும் மூடிக்கொண்டது.

"என்னக்கா சொல்றான்?" என்றார் சலூன்காரர்.

எழுத்தர் அம்மா பேனாவை மூடினார். அந்தக் கொட்டாவியை அவர் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறார்.

"நாளைக்கு வரச் சொல்றார்" என்றார்.