மாப்பிள்ளை காரில் ஆறு பைப்

கோட்டைக்குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ரஞ்சித் அவர்களுக்கு, மாமனார் லோகநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம், காரும் நலம். காரை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று பதற வேண்டாம், கடைசி வரை படியுங்கள். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கேள்வி கேட்பீர்கள் என்றுதான் கடிதம்.

மஸ்கட் போகும்போது "மாமா, கார் உங்க பொறுப்பு" என்று சாவியைக் கொடுத்தீர்கள். எனக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும், போட் இன்ஜினை விடுவது போல தினம் காலையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவேன். போன புதன்கிழமை சாவியைத் திருப்பினால் பிரேக் லைட் சிவப்பாக எரிகிறது, அணையவே இல்லை. மீஞ்சூரில் கிடைத்த வேலைக்கு அர்ச்சனா திங்கட்கிழமை முதல் இந்தக் காரைத் தானே ஓட்டிப் போவதாக இருந்தாள். எனக்கு ஒரே பெண். எதிரே லாரி வந்து பிரேக் பிடிக்காமல் போனால்? பயந்துவிட்டேன் மாப்பிள்ளை, மறைக்க என்ன இருக்கிறது. அவளோ டிரெயினிங்குக்குச் சென்னை போயிருந்தாள், ஞாயிறுதான் வருவாள்.

நம்ம போட் மெக்கானிக் வின்சென்ட்டைக் கூப்பிட்டேன். பானெட்டைத் திறந்து, போனில் வீடியோ பார்த்து, "அண்ணே, இது ஏபிஎஸ் மாடுலேட்டர். உப்புக்காத்து பட்டு செத்துப்போச்சு, கழட்டிப் பாத்துரலாம்"னான். பிரேக் எண்ணெயை நாலு சக்கரத்துக்கும் பிரிச்சு அனுப்புற செங்கல் அளவு கட்டை, அதில் ஆறு பைப். காரை வலைக்கொட்டகை நிழலுக்குத் தள்ளணும்னு உள்ளே இருந்த கம்பி, கைப்பிடி எல்லாத்தையும் இறக்கிவிட்டான், பாட்டரி வயரையும் எடுத்தான். ஆறு பைப்பும் ஒரே ஜாடை, எதை எங்கே மாட்டுறது? நான்தான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் வலைநூல் கட்டினேன். நாலு கலர்தான் இருந்தது, மிச்சம் ரெண்டுக்கு முடிச்சு. பிரேக் எண்ணெய் சொட்டி உள்ளங்கை அளவு பெயிண்ட் போச்சு, அதை நேர்ல பேசிக்கலாம். உங்கள் மாமியார் தேவகி வந்து பார்த்துட்டு, "இன்னாய்யா, மாப்ள காரைக் கருவாட்டுக்குப் பொளந்தா மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க"ன்னா.

கெட்டுப்போனதா ஒண்ணும் தெரியலை. பிளக்கைத் துடைச்சு, நூலைப் பார்த்து மாட்டி, புது எண்ணெய் ஊத்தி, பைப்புல புகுந்த காத்தை வெளியேத்த வின்சென்ட் "அமுக்கு, புடி"ன்னு கத்தக் கத்த, பெடலை அமுக்கியே எனக்குக் கால் வீங்கிப்போச்சு. பாட்டரி கொடுத்துச் சாவியைத் திருப்பினா, லைட் எரிஞ்சு அணைஞ்சுது. அணைஞ்சே போச்சு மாப்பிள்ளை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இருந்தாலும் பொன்னேரியிலிருந்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கையும் வரவழைத்தேன். அவர் மிச்சக் காத்தையும் எடுத்து, ஓட்டிப் பார்த்து, "பிரேக் நல்லாருக்கு. ஆனா இதை ஏன் கழட்டினீங்க?"ன்னு கேட்டாரு. பொறாமை, வேறென்ன. நேற்று அர்ச்சனா வேலைக்குப் போய் நல்லபடியாகத் திரும்பினாள். எனக்கு இப்போதுதான் சோறு இறங்குகிறது.

அம்மன் புண்ணியத்தில் நீங்களும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வெயிலில் அலையாதீர்கள்.

இப்படிக்கு,
நிம்மதியோடு,
லோகநாதன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அர்ச்சனா வேலைக்குக் கிளம்பினாள். சாவியைத் திருப்பியதும் அதே லைட். நான் வின்சென்ட்டைத் தேடி ஓடப் பார்த்தேன். அவள் சீட் பக்கத்தில் இருந்த ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள், லைட் அணைந்தது. "நான்தான் தூக்கி வெச்சேன். அன்னிக்குப் புதன்கிழமையும் நான்தான்" என்றாள் தேவகி. "காருக்கு இதான் நங்கூரம்னு மாப்ளதானே சொன்னாரு? நங்கூரம் போடாம எதையாவது வுடுவாங்களா?" வின்சென்ட்டிடம் உடனே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பச்சைமுத்து காரிலும் லைட் எரிகிறதென்று அங்கே அதே கட்டையைக் கழட்டிக்கொண்டிருக்கிறானாம். நேற்று அந்தக் காரில் பழவேற்காடு போய்வந்தவள் தேவகி.