மாமியார் ஊர் லைன்

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கணினியைத் திறந்தேன். எனக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் வீடியோ மீட்டிங்கில் நெட் இழுத்து, திரையில் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனேன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்லேர்ந்து வேலை கிடையாது, ஆபீசுக்கே வந்துடுங்க" என்றார் மேனேஜர். ஆபீசுக்குப் போய்வந்தால் என் பாதி ஆயுள் பஸ்ஸிலேயே போய்விடும்.

கணினியிலேயே பிங் என்று ஒரு சோதனை உண்டு. 'இருக்கியா?' என்று கேட்டால், 'இருக்கேன்' என்ற பதில் எத்தனை மில்லிசெகண்டில் வந்தது என்று காட்டும். ஓடவிட்டேன். இருபது. இருபத்தொன்று. இருபது. ஹாலில் மனைவியின் போன் அடித்தது. "சொல்லும்மா!" வீடியோ கால். தொள்ளாயிரம்!

அம்மாவும் பெண்ணும் முகம் பார்த்துக்கொள்ள என் பிழைப்பில் மண்ணா? பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்கெல்லாம் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டரின் செட்டிங்குக்குள் நுழைந்தேன். மனைவியின் போனுக்கு மட்டும் வேகத்தைச் சொட்டுச் சொட்டாக்கிவிட்டு வெளியே வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, அம்மா மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுது."

"அப்படியா? இங்க பாரு, என் கம்ப்யூட்டர்ல இருபதுதான் காட்டுது. நம்ம லைன் தங்கம். கோளாறு உங்கம்மா ஊர்லதான்."

"எப்ப சரியாகும்?"

"கேபிள் மொத்தமும் மாத்தணும். மாசக்கணக்காகும்."

"நிச்சயமாவா?"

"என் தொழிலே இதான். என்னையே சந்தேகப்படுறியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஐயோ, இல்லீங்க" என்று பவ்யமாகப் போனாள்.

அந்த வாரம் ஒரு மீட்டிங்கும் உறையவில்லை. ஹாலிலும் சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாமியார், மூன்று பெட்டிகளோடு.

"லைன் சரியாகற வரைக்கும் இங்கதான் மாப்ள!"

தலைதெறிக்க ஓடி ரவுட்டரைத் திறந்தேன். நான் குறைத்துவைத்த வேகம் பழையபடி முழுசாக இருந்தது.

"அத அன்னிக்கே நான் மாத்திட்டேன்" என்றாள் பின்னால் வந்த மனைவி. "சித்தியைக் கூப்பிட்டேன், அவங்களும் கட்டம் கட்டமா தெரிஞ்சாங்க. எல்லா ஊர்லயுமா கேபிள் போச்சுன்னு ரவுட்டரைத் திறந்து பாத்தேன். அப்புறம் நீங்க குளிக்கப் போறப்பல்லாம் வீடியோ இல்லாம அம்மாகூடப் பேசி, என்னென்ன எடுத்துட்டு வரணும்னு முடிவு பண்ணோம்."

"லைன் நல்லாயிருக்குன்னு தெரிஞ்சுமா வரச்சொன்ன?" என்று சீறினேன்.

"ஆமா. நீங்களே போய் அம்மாகிட்ட சொல்லுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

விறுவிறுவென்று வாசலுக்குப் போனேன்.

"பெட்டியைக் கொடுங்க அத்தை" என்றேன்.