பெண்டுலமும் உளவியல் பேப்பரும்

உளவியல் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்கள் உண்டு. ரயில் ஓடும்போது மட்டும் உளவியல் தெரிந்தவன் உலகத்திலேயே ஒரே ஒருவன்தான். அவன் ஆரம்பாக்கத்தில் ஏறுவான்.

வீட்டில் வைத்த பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கு அவன் பெண்டுலம். புத்தகத்தைத் திறந்ததுமே இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்துவிடுவான். கரி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் அவன் இரண்டு ஆட்டம் ஆடுவான். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தோள்வலி வரும், எதிரே உட்கார்ந்தவர்களுக்குத் தூக்கம் வரும். மீஞ்சூரில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் அவனைப் பார்த்துக்கொண்டே தூங்கி, சென்ட்ரலில் கண் விழித்து, எங்களைத் திட்டியது உண்மை.

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. இறுதி ஆண்டு எனக்கு. நான் பொன்னேரியில் ஏறுவேன். மீஞ்சூரில் ஏறும் சரோஜா என் வகுப்பு. பெண்கள் பெட்டியை விட்டுவிட்டு அவள் எங்கள் பெட்டிக்கு வந்ததற்கு ஒரே காரணம் உளவியல். புத்தகம் முழுக்க அவளுக்கு மனப்பாடம், ஆனால் ஒரு வரியும் புரியாது. எனக்கு எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தைத் தாண்டாது. பெண்டுலம் புரியவைப்பான், சரோஜா கேள்வி கேட்பாள், நான் பதிலைப் பரீட்சைத் தமிழுக்கு மாற்றுவேன். மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு நல்ல மாணவன்.

பெண்டுலம் போன வருஷமே முடித்திருக்க வேண்டியவன். மற்ற பேப்பர்களையெல்லாம் வீட்டில் படித்துத் தாண்டிவிட்டான். உளவியலை மட்டும் வண்டியில் படித்துத் தொலைத்தான். அது இரண்டு தடவை காலை வாரியது. இனி அவன் வகுப்புக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எங்களோடு படிப்பதற்காகத் தினமும் சென்ட்ரல் வரை வந்து, அடுத்த வண்டியில் ஊருக்குத் திரும்பிப் போவான். டிக்கெட் பரிசோதகர் அவனை ரயில்வே ஊழியர் என்றே நினைத்திருந்தார்.

அவன் பாடம் நடத்துகிற அழகே தனி. ஒருநாள், பழக்கத்தால் வரும் எதிர்வினை என்றால் என்ன என்று சரோஜா கேட்டாள்.

"அது இன்னா பெரிய விஷயம்? இப்ப பாரு" என்றவன், வாயில் இரண்டு விரலை வைத்து, எஞ்சின் கூவுகிற மாதிரியே நீளமாக ஒரு கூவு கூவினான். ஓரத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்த மோர்க்காரம்மா விருட்டென்று எழுந்து, பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வாசலுக்குப் போய் நின்றுவிட்டாள். வெளியே வெறும் வயல்.

"டேய் பேமானி! டேசன் எங்கடா வந்துகிது?"

"வர்ல ஆயா. டேசன் வந்தா எஞ்சின் கூவும். நெதம் கேட்டுக் கேட்டு, கூவுனாலே உன் கை பானைக்குப் போவுது. அதான் பாடம். உன்னால எங்களுக்குப் பத்து மார்க்கு."

"பத்து மார்க்க நீ எடுத்துக்கினு, பான ஒடஞ்சா நான் இன்னாடா பண்றது?"

அந்தப் பாடத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

சிக்கல் ஒன்றுதான். வண்டி நின்றால் அவனும் நின்றுவிடுவான். ஒரு தடவை பேசின் பிரிட்ஜ் சிக்னலில் வண்டி நின்றது.

"நினைவின் படிகள் நாலு. ஒண்ணு, கற்றல். ரெண்டு..." என்றவன் வாயைத் திறந்தபடியே இருந்தான். பெட்டியே காத்திருந்தது. வண்டி ஒரு உதறு உதறிக் கிளம்பியதும், "ரெண்டு, தக்கவைத்தல்" என்றான். பக்கத்துப் பலகையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

சிரித்தோம். பரீட்சை நெருங்க நெருங்கச் சிரிப்பு நின்றது. அவனுக்கு வாத்தியார் ஆகவேண்டும். அதற்கு இந்த பி.ஏ. வேண்டும். அவன் நைனா கறாராகச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் போச்சென்றால், பரீட்சை ஃபீஸ் கிடையாது, சூளூர்பேட்டை மாமாவின் ரைஸ் மில்லுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

சரோஜா அவனை சென்ட்ரல் பிளாட்பார பெஞ்சில் உட்காரவைத்துச் சோதித்தாள். ஒரு சொல் வரவில்லை.

"நீ வண்டியில படிச்சதை வண்டியிலதாம்ப்பா எழுதுவே. வேற எதுனா ஆடற எடத்துல ஒக்காந்து பாரேன்."

மறுநாள் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "ஊட்ல ஊஞ்சல்ல ஒக்காந்து பாத்தேன் சரோஜா."

"வந்துச்சா?"

"பானிபட் யுத்தம்தான் வந்துச்சு."

வரலாறு முழுவதையும் அவன் ஊஞ்சலில் படித்திருந்தான்.

பரீட்சை நாள் வந்தது. பழைய பேப்பர் எழுதுபவர்களையும் எங்களோடு ஒரே ஹாலில் உட்காரவைத்தார்கள். என் முன்னால் பெண்டுலம். அவனுடைய பெஞ்சும் என் டெஸ்க்கும் ஒரே சட்டத்தில் அடித்தவை. கேள்வித்தாளை வாங்கியவன் கூரையைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. அந்தப் பக்க வரிசையிலிருந்து சரோஜா இருமினாள். திரும்பினால், அவள் கண் என் காலைக் காட்டியது.

புரிந்தது. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. என் பாதத்தை அதன் சட்டத்தின்மேல் வைத்து மெதுவாக ஆட்டினேன். பெண்டுலத்தின் முதுகு ஒருமுறை சிலிர்த்தது. பேனா திறந்தது. எழுத ஆரம்பித்தான் பாருங்கள்! அவன் பெஞ்சோடு என் டெஸ்க்கும் ஆடியதால், என் எழுத்தெல்லாம் குடித்துவிட்டு நடந்தது.

மேற்பார்வையாளர் வந்துவிட்டார். "என்னய்யா இங்க, பூகம்பமா?"

"கால் மரத்துப்போச்சு சார்."

அவர் நல்ல மனிதர். தன் கையாலேயே காகிதத்தை மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். பெஞ்சு பாறையாகிவிட்டது. பெண்டுலத்தின் பேனா பாதிச் சொல்லில் நின்றது. என் கண்ணுக்கு ரைஸ் மில் தெரிந்தது.

அப்போதுதான் கேட்டது. டடக்கு டக்கு, டடக்கு டக்கு. வாத்தியார்கள் எதிரில் நிமிர்ந்தும் பார்க்காத சரோஜா, பேனாவால் டெஸ்க்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் அதே தாளம். மேற்பார்வையாளர் அவள் பக்கம் நடந்தார். அங்கே தாளம் நின்றது; கவரைப்பேட்டைப் பையன் ஒருவனிடம் ஆரம்பித்தது. அந்த ஹாலில் பாதிப் பேர் எங்கள் லைன். பெண்டுலத்தைத் தெரியாதவர்கள் யார்? அவர் கிழக்கே போனால் மேற்கே ஓடியது, மேற்கே வந்தால் வடக்கே ஓடியது.

"யாருய்யா அது தட்டறது?"

"இங்க இல்ல சார், அந்தாண்ட சார்!"

பெண்டுலம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு எழுதினான். மணி அடிக்கும்வரை எங்கள் வண்டி எந்த சிக்னலிலும் நிற்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று நானும் சரோஜாவும் ஆரம்பாக்கத்துக்கே போய்விட்டோம். அவன் நைனா செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாடா, பாஸ் பண்ணியா?"

"பண்ணோம் நைனா."

"பண்ணோமா? ஒரு பேப்பரை எத்தினி பேருடா எழுதுனீங்க?"

பெண்டுலம் எங்களைப் பார்த்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றான். இப்போது அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பையன்களுக்கு அவனை ரொம்பப் பிடிக்குமாம்.

அந்தப் பரீட்சையில் அவனுக்கு மூன்றாம் வகுப்பில் தேர்ச்சி. எனக்கு உளவியலில் மட்டும் எதிர்பார்த்ததைவிட மார்க் குறைந்துபோயிற்று. போகட்டும். நான் முழு மனதோடு எழுதிய பேப்பர் ஒன்று உண்டென்றால், அது அவனுடையதுதான்.