காளைக்குக் கெட்டிமேளம்

பழைய வீடியோ கேமில் கீச்சுக் குரலில் ஒரு மெட்டு ஓடுமே, அதைப்போல ஒன்றை இலவச மென்பொருளை இறக்கி, திரையில் கட்டம் கட்டமாகச் சொடுக்கி உண்டாக்கிவிட்டு, மறுநாள் காலையிலிருந்தே தன்னை இசையமைப்பாளர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நீங்கள் பார்த்ததில்லையா? கொடுத்துவைத்தவர்.

வல்லத்திராக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சிவபிரகாஷ் அந்த இனம். செவ்வாய்க்கிழமை மென்பொருளை இறக்கினார். புதன்கிழமை கடைப் பலகையில் 'லேமினேஷன்' என்பதற்குக் கீழே 'இசை' சேர்ந்துவிட்டது. ரேஷன் கார்டோ பட்டாவோ, நகல் எடுக்க யார் வந்தாலும் அவருடைய பன்னிரண்டு வினாடி மெட்டைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பட்டா நகலுக்கு வந்த பிச்சையம்மாள் ஒருமுறை, "மிஷினு ரிப்பேராப்பா?" என்று கேட்டுவிட்டார். அன்று அவருக்கு மட்டும் நகல் கறுப்பாக வந்தது.

சிவபிரகாஷின் அக்கா மகள் நித்யா, கல்லூரிப் போட்டிக்காக ஜல்லிக்கட்டு கேம் ஒன்றைச் செய்திருந்தாள். ஜெயித்தால் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. காளை ஓடும்போது ஒலிக்க மெட்டு வேண்டுமென்று மாமாவிடம் கேட்டாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதில் கேலி இல்லை, உண்மையாகவே நிறைந்தது.

மூன்று வாரம் உழைத்தார். அதில் பாதி, மெட்டுக்குப் பெயர் வைப்பதில் போயிற்று. மெட்டும் நன்றாகவே அமைந்தது. ஆனால் எதையும் மங்களகரமாக முடிக்க வேண்டாமா? மென்பொருளில் இருந்த நாலு தடத்தையும் ஒன்றாக அலறவிட்டு, கடைசி இரண்டு வினாடிக்குக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார். கேம் மெட்டு முடியவே கூடாது, சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்வது? நித்யாதான் சொன்னாள்.

"மாமா, பன்னெண்டு செகண்டுக்கு ஒருக்கா காளைக்குத் தாலி கட்டுற மாதிரி இருக்கு. ஜட்ஜுங்க சிரிச்சுப்புடுவாங்க. கடைசியை மட்டும் வெட்டிரட்டுமா?"

"அதுலதான் ஆத்தா உயிரே இருக்கு. வெட்டுனா எம் பேரைப் போடாத."

கோபத்தில் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். வெட்டினாள். பெயரையும் போடவில்லை. முதல் பரிசு கிடைத்தது. நடுவர்கள் இசையைத் தனியாகப் பாராட்டி, யார் போட்டது என்று விசாரித்தார்களாம். "பேரு போட வேண்டாம்னுட்டாங்க சார்" என்றாளாம் நித்யா.

சிவபிரகாஷ் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் முதல், நகல் எடுக்க வருகிறவர்கள் இரண்டு மெட்டுகளைக் கேட்க வேண்டியிருக்கிறது: வெட்டியது, வெட்டாதது. எது நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் மிஷினில் கை வைப்பார். இதுவரை எல்லோரும் ஒருமனதாக வெட்டாததே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவரவர்க்கு அவரவர் அவசரம்.

ஆமாம், கெட்டிமேளத்தை அடியோடு வெட்டியிருக்க வேண்டாம், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியதா? அப்படியானால் உங்கள் கம்ப்யூட்டரிலும் அந்த மென்பொருள் இருக்கிறது. வேண்டாம், போட்டுக் காட்ட வேண்டாம். கேட்காமலே சொல்கிறோம், பிரமாதமாக இருக்கிறது.