ஒரே ஒரு பிடி கடைந்துவிட்டு வருகிறேன்

உலகத்தில் கருவி வைத்திருப்பவர்கள் இரண்டு ஜாதி. கருவியைக் கொண்டு வேலை செய்கிறவர்கள் ஒரு ஜாதி, கருவிக்காக வேலை செய்கிறவர்கள் இன்னொரு ஜாதி. முதல் ஜாதியைப் பற்றி எழுத ஒன்றும் கிடையாது. ஆணி அடிக்க வேண்டுமா, அடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். இரண்டாவது ஜாதியில் ஒரு முற்றிய பிரிவு உண்டு. ஒரு சின்னக் கடைசல் இயந்திரத்தை வாங்கிப் பின்கட்டு அறையில் வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள திருப்புளி, உளி, அரம், சுத்தியல் எல்லாவற்றுக்கும் மரத்தில் பிடி கடைந்து கடைந்து, அந்தப் பிடிக்குள் என்ன கருவி இருக்கிறது, அதனால் என்ன பிரயோஜனம் என்பதையே மறந்துபோனவர்கள். பிடி கடைகிறவர்கள். அவர்களைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன்.

ஏதோ தூர நின்று ஆராய்ச்சி செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் காலையில் சவரம் செய்யும்போது இந்த இனத்தை நேருக்கு நேர் பார்க்கிறேன். சவரக்கத்தியின் பிடியும் நான் கடைந்ததுதான். கொஞ்சம் கனமாகிவிட்டது. கன்னத்தில் இரண்டு இடத்தில் சாட்சி இருக்கிறது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வருவார். நீங்கள் பாசத்தோடு கை கொடுப்பீர்கள். அவர் உங்கள் உள்ளங்கையைச் சட்டென்று விடமாட்டார். பழைய சிநேகிதம், மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று நீங்கள் உருகுவீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் கைக்கு எத்தனை பருமனில் பிடி வேண்டும் என்று அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மேசைமேல் கிடக்கும் பழம் நறுக்கும் கத்தியை எடுத்து, திருப்பிப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, "பிளாஸ்டிக்கா?" என்று கேட்பார். உங்களுக்கு ஏதோ தீராத வியாதி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டவர்போல இருக்கும் அந்தக் குரல். "ஒரு நாள் என்கிட்ட குடுங்க" என்பார். கொடுத்துவிடாதீர்கள். நாலு மாதம் பழத்தைக் கடித்துத் தின்ன வேண்டியிருக்கும்.

இவருக்கு ஒரு வேதவாக்கு உண்டு: "பிடி சரியா அமைஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி." சரி, மீதிப் பாதி? அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. என் மனைவியைத் தவிர.

கடைசல் சடங்கையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நல்ல நிலையில் இருக்கும் பிளாஸ்டிக் பிடியைத் தட்டிக் கழற்றி எறிவது. பிறகு கட்டை பொறுக்குவது. இதற்கு ஒரு வாரம். எந்த மரக்கிளை முறிந்தாலும் மனசு குளிர்கிற ஒரே மனிதர் இவர்தான். பிறகு கட்டையை இரண்டு முனைக்கும் நடுவே மாட்டிச் சுழலவிட்டு, உளியை வைத்தால் சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். தலையில் விழும், சட்டைப் பைக்குள் விழும், பக்கத்து அறையில் இருக்கும் பால் தம்ளரில் விழும். அப்புறம் பிடியின் கழுத்தில் ஒரு வளையம். ஒன்று போதாது, இரண்டாவது வளையம். பழைய செம்புக் குழாயை அறுத்து நுனிக்கு ஒரு பூண். பிறகு உப்புத்தாள், முரட்டுத் தாளில் தொடங்கிப் பட்டுப்போன்ற தாள்வரை நான்கு தரம். எண்ணெய் தடவி, கழற்றி, உள்ளங்கையில் உருட்டி, கண்ணை மூடுவார். நான் மூடுவேன். அந்த அரை நிமிடம் எனக்கு உலகத்தில் எந்தக் குறையும் இல்லை.

கண்ணைத் திறந்தால் எதிரே மனைவி.

"எப்படி?"

"நல்லாருக்கு. பாத்ரூம் பூட்டு?"

பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஏழு உளி, நாலு குத்தூசி, ஆறு திருப்புளி தேறியிருக்கின்றன. குத்தூசிகளை முழுக்க முழுக்க நானே, பழைய குடைக்கம்பியை ராவிச் செய்தேன். எல்லாம் வரவேற்பறையில் ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகக் கண்காட்சிபோல் நிற்கின்றன. சட்டம் அருமையாக இருக்கிறதே, நீங்கள் செய்ததா என்று கேட்பார்கள். தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். எனக்கு ஏது நேரம்?

இனி பூட்டு விஷயம். எங்கள் குளியலறைக் கதவில் ஒரு குமிழ்ப் பூட்டு. உள்ளே குமிழைத் திருகினால் நாக்கு சில சமயம் வரும், சில சமயம் வராது. ஐந்து மாதமாகச் சண்டி. வெளிப்பக்கத் தகட்டில் இரண்டே இரண்டு திருகு. கழற்றி, உள்ளே தேய்ந்துபோன சுருள்வில்லை மாற்றினால் தீர்ந்தது. "இந்த ஞாயிறு பார்த்துடறேன்" என்று இருபது ஞாயிறு சொல்லியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கூடம் எல்லாம் நேராகத்தான் இருந்தது, திருப்புளியின் பிடிதான் அரை நூல் அளவு பருமன் கூடுதல் என்று தோன்றிக்கொண்டிருந்தது.

இருபத்தோராம் ஞாயிறு அன்று எனக்கு ஒரு ஞானோதயம். ஆறு திருப்புளிக்கும் ஆறு விதமான பிடி இருக்கிறதே, ஒரே மரத்தில் ஒரே சாயலில் ஒரு குடும்பமாக இருந்தால் எப்படி இருக்கும்? மத்தியானத்துக்குள் ஆறு பிடியையும் தட்டிக் கழற்றிவிட்டேன். கை சும்மா இருக்குமா? கட்டிங் பிளேயரின் இரண்டு காலுக்கும் மெல்லிய மரத்துண்டு ஒட்டி, கயிற்றால் வரிந்து கட்டிக் காயவைத்தேன். சுத்தியல் தலை தனியாக, காம்பு தனியாக. சாயங்காலம் பார்த்தால் எங்கள் வீட்டில் பத்தொன்பது கருவி இருந்தது. ஒரு திருகைக் கழற்ற ஒன்றுகூட இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. பத்து மணிக்கு என் மனைவிக்கு நேர்முகத் தேர்வு. பதினான்கு வருஷமாக ஒரே மேசையில் தபால் பதிவு செய்துகொண்டிருப்பவள். பிரிவுத் தலைவர் பதவி காலியாகி, முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வாரமாகச் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பதில்களைச் சொல்லிப் பார்த்தாள். கேள்வி கேட்கும் உத்தியோகம் எங்கள் மகளுக்கு. முதலில் எனக்குத்தான் கொடுத்துப் பார்த்தாள். நான் கரண்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

எட்டே முக்காலுக்குக் குளியலறையிலிருந்து சத்தம்.

"என்னங்க, கதவு திறக்கல."

"இடது பக்கமா திருகிப் பாரு."

"எல்லாப் பக்கமும் திருகியாச்சு. குமிழ் சும்மா சுத்துது."

ஓடிப்போய்த் திருப்புளியை எடுத்தேன். வெறும் கம்பி. தகட்டுத் திருகில் வைத்துத் திருகினேன். கம்பி சுழன்றது, திருகு அசையவில்லை, உள்ளங்கைத் தோல் உரிந்தது. துணியைச் சுற்றித் திருகினேன். துணி சுழன்றது.

"பிளேயரால கம்பியைப் பிடிச்சுத் திருகுங்கப்பா" என்றாள் மகள். பிளேயரைப் பார்த்தேன். கயிற்றுக் கட்டோடு அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"பிசின் இன்னும் காயலம்மா. இருபத்து நாலு மணி நேரம் தொடக் கூடாது."

இதை நான் சொன்னேன். கட்டிய மனைவி கதவுக்குப் பின்னால் நிற்கும்போது, என் வாயால், முழுச் சுயநினைவோடு சொன்னேன்.

அடுத்து நான் செய்ததை எங்கள் இனத்தார் தவிர இந்த உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். "பத்தே நிமிஷம்" என்று கதவிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், ஒரு கட்டையை மாட்டி, இயந்திரத்தைப் போட்டேன். ஒரே ஒரு பிடி. மொட்டையாக, அவசரத்துக்கு. அவ்வளவுதான் என் எண்ணம். சத்தியமாக.

கட்டை உருளையாகி வந்தது. நல்ல கட்டை. உளி வைத்த இடமெல்லாம் வெண்ணெயாக வழிந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கழுத்தில் ஒரு வளையம் போட எத்தனை நேரம் ஆகிவிடும்? போட்டேன். ஒற்றை வளையம் மூளியாக இருந்தது. இன்னொன்று போட்டேன். பூண் போடாமல் கம்பியை இறக்கினால் மரம் பிளக்கும் என்பது பால்பாடம். குழாயை அறுத்தேன். ஒரு சிலாம்பு அவசரத்தில் யாருக்காவது கையில் ஏறிவிட்டால்? உப்புத்தாளை எடுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"உப்புத்தாள் சத்தம் கேக்குது."

நான் இன்னும் மெல்லத் தேய்த்தேன்.

"தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். கிணத்துக்குப் படிக்கட்டு கட்டி, அதுக்குப் பாலிஷ் போடற ஆளை இப்பதான் பாக்கறேன். மணி என்ன?"

ஒன்பது இருபத்தைந்து.

"அம்மு, நீ போய் எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிடு" என்றாள். மகள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள்.

எதிர் வீட்டு அக்கா தையற்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். கையில் தையல் மிஷின் டிராயரில் கிடக்கும் ஒரு திருப்புளி. மஞ்சள் பிளாஸ்டிக் பிடி, பாதி விண்டுபோய் அதன்மேல் பழைய துணிக்கிழிசல் சுற்றியது. அக்கா குனிந்தார். ஒரு திருகு. இன்னொரு திருகு. தகடு கழன்றது. நுனியை உள்ளே விட்டு நாக்கை இழுத்தார். கதவு திறந்தது. ஒரு பொத்தான் தைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இதுக்கா தம்பி காலங்காத்தால மிஷின் ஓட்டினீங்க?" என்றார். பரிகாசமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் மனைவி ஈரத் தலையோடு வெளியே வந்தாள். நான் பிடியும் கையுமாக நின்றேன். எண்ணெய்கூடத் தடவியிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பிடியைத்தான் பார்த்தாள். பதினான்கு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு காலைப்பொழுதை நான் கடைந்து சீவலாக்கியிருந்தேன். வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் அதற்குள் அவசரமாக உடுத்திக்கொண்டு ஆட்டோ ஏறியிருந்தாள்.

அன்று முழுவதும் நான் இயந்திரப் பக்கம் போகவில்லை. பூட்டுக்குப் புதுச் சுருள்வில் வாங்கி வந்து, எதிர் வீட்டுத் திருப்புளியைக் கடன் கேட்டு, வாசலிலேயே நின்று வாங்கி, மாற்றிப்போட்டேன். வேலை நாலு நிமிஷம். ஐந்து மாதத்தில் அந்த நாலு நிமிஷம் எங்கே போயிருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"பன்னிரண்டு நிமிஷம் லேட். ஏன்னு கேட்டாங்க. நடந்ததை நடந்தபடியே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேர் சிரிச்சாங்க. நடுவுல பெரியவர் ஒருத்தர். அவர் மட்டும் சிரிக்கல. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிட்டே இருந்தார். அப்புறம் முன்னாடி குனிஞ்சு, 'அது என்ன மரம்?'னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னேன்."

"அடடா, சொல்லியிருக்கலாமே, அது..."

நான் நிறுத்திக்கொண்டேன். அவள் பார்வை நிறுத்தியது என்பதே சரி. மற்ற கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொன்னாய் என்று அப்புறம்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அதுவும் மகள் காலை மிதித்த பிறகு.

வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவள் கெட்டிக்காரி, அதனால் கிடைத்தது. என்னை மீறிக் கிடைத்தது. முதல் நாள் அலுவலகம் போகும்போது கைப்பையில் ஒரு புதுத் திருப்புளி வைத்துக்கொண்டாள், பச்சை பிளாஸ்டிக் பிடி போட்டது. "இதைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி" என்று சொல்லியிருக்கிறாள். நான் தொடவில்லை. பை திறந்திருக்கும்போது பார்த்ததோடு சரி. கழுத்தில் ஒரு வளையம் இருந்தால் விரல் நன்றாக உட்காரும்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், தெரியும். நமக்கும் இந்த ஆசாமிக்கும் என்ன சம்பந்தம், நாம் கடைசல் இயந்திரத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லையே என்றுதானே? இருக்கட்டும். அன்று காலை நான் கடைந்த அந்தப் பிடி என்ன மரம் என்று நான் உங்களுக்கு இதுவரை சொல்லவில்லை. அதைப் படித்தபோதே கவனித்துவிட்டீர்களா? கடைசியிலாவது சொல்லுவான் என்று இந்த வரிவரை காத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் எங்கள் இனம்தான். எழுந்து போய் உங்கள் வீட்டுக் குளியலறைப் பூட்டை ஒரு தடவை திருகிப் பாருங்கள். கதவை மட்டும் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள்.