சுமாரான கத்திரிக்காய் விற்ற பாய்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணல்மாணலாகப் போகும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். பெயர்களும் ஊர்களும் மறந்துபோகின்றன. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். தான் விற்கிற சரக்கைத் தானே தெருத்தெருவாகத் திட்டிக்கொண்டு விற்ற வியாபாரி இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் காய்கறி வண்டி தள்ளினார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. தெருவுக்கு அவர் சுமார் பாய்.

இப்போது அவர் நினைவு வந்ததற்கு என் மருமகள்தான் காரணம். அவள் வீட்டில் முறுக்கு, பொடி வகைகள் செய்து செல்போனில் படம் போட்டு விற்கிறாள். போன மாதம் முறுக்கில் எண்ணெய் வடியாமல் நின்றுவிட்டது. "அத்த, வீட்டுச் சுவை, நம்பர் ஒன்னுன்னு போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். "எண்ணெ கொஞ்சம் நிக்குதுன்னு போடு" என்றேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பார்த்தாள். ஆனாலும் போட்டாள். உண்மையைச் சொன்னதால் வாங்குகிறேன் என்று யாரோ ஒரு அம்மா பதில் எழுதியிருந்தார்களாம். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க அத்த?" என்றாள். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளில் நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த புதிது. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே தெருமுனையில் குரல் கேட்கும்.

"சுமாரான கத்திரிக்கா... முத்தின வெண்டக்கா... அடிபட்ட தக்காளி... பாத்து வாங்குங்கம்மா, பாத்து வாங்குங்க..."

முதல் நாள் நான் யாரோ மனநிலை சரியில்லாதவர் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு மாமியார் சொல்லித்தான் வியாபாரி என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் வெளியே போகவில்லை. எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வெட்கம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு முறத்தை மட்டும் நீட்டுவேன்.

"கதவுக்குப் பின்னால நிக்கற தங்கச்சி, கைய மட்டும் நீட்டுனா நான் எத வேணும்னாலும் போட்டுட்டுப் போயிடுவேன். வெளிய வந்து பாத்து எடும்மா."

நான் போகமாட்டேன். அவரே பொறுக்கிப் போடுவார். போடும்போது ஒவ்வொன்றுக்கும் குறை சொல்வார். "இந்தக் கத்திரிக்காயில ஒரு ஓட்ட இருக்குது தங்கச்சி. உள்ள ஆளு குடியிருக்கான். நறுக்கறப்ப பாத்துக்க." உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

எதிர்வீட்டு வாத்தியார் ஒருநாள் புடலங்காய் கேட்டார். வீட்டில் சம்பந்தி வந்திருக்கிறார்கள் என்றார். பாய் கையில் எடுத்த புடலங்காயைத் திரும்ப வண்டியில் வைத்துவிட்டார்.

"விருந்தாளிக்கா சார்? அப்ப வேணாம். வூட்டு ஆளுங்களுக்குன்னா எடுத்துக்குங்க."

"ஏன் பாய், நாங்க மனுசங்க இல்லியா?"

"நீங்க திட்டுனா நாளைக்கு நான் வந்து வாங்கிக்குவேன். அவங்க உங்களத்தான திட்டுவாங்க?"

நடுவில் இன்னொருத்தன் வண்டி கொண்டுவந்தான். அவன் வண்டியில் கூம்பு மைக் கட்டியிருந்தான். பெங்களூர்த் தக்காளி, தேன் தக்காளி, கல்கண்டுத் தக்காளி என்று காதைத் துளைத்தான். எங்கள் தெருவே அங்கே ஓடியது. வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் அடியில் இருந்ததெல்லாம் கூழ். மறுநாள் பெண்கள் பாயைச் சுற்றிக்கொண்டு அவனைத் திட்டித் தீர்த்தார்கள். பாய் அதில் சேரவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அவன் தக்காளி என்னுத வுட நல்லாத்தான் இருந்துச்சு. மேல இருந்தது."

ஒரே ஒரு நாள் அவர் வாயில் வேறு வார்த்தை வந்தது. இண்டூர்ப் பக்கம் யாரோ தோட்டத்துக்காரர் அப்போதுதான் பறித்துக் கொடுத்த கத்திரிக்காய். தெருமுனையில் நின்று, "நல்ல கத்திரிக்கா..." என்றார். அவ்வளவுதான். தெருவே திரண்டுவிட்டது. வாத்தியார் பாதி முகத்தில் சவர நுரையோடு வந்தார். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஈரத் துணியோடு வந்தாள். கூடை கவிழ்ந்து, தராசுத் தட்டு சாக்கடையில் விழுந்து, பாயின் சட்டையில் ஒரு பக்கக் கை இல்லை. அன்றைக்கு அவர் பயந்துபோய்விட்டார். "அந்த வார்த்தய இனிமே சும்மா எடுக்கக்கூடாதுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவருக்கு நசீமா என்று ஒரே மகள், அவரை அத்தா என்று கூப்பிடுவாள். மனைவி முன்பே இறந்துவிட்டார். நசீமா வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். அளவு கொடுக்கப் போய்ப் போய் எனக்கு அந்தத் தெருவில் வாய்விட்டுப் பேச ஒரு ஆள் கிடைத்தாள். ஆள் நல்ல சிவப்பு, பேச்சில் பாயையே தூக்கிச் சாப்பிடுவாள். பத்து வயதில் அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. பிறகு மாத்திரையில் நின்றுபோயிருந்தது. பார்த்தால் யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் வரும்போதெல்லாம் பாய் என்னைத்தான் கூப்பிடுவார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருப்பேன். முதலில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்தார்கள்.

"பொண்ணு நல்லா சமைக்குமா பாய்?"

"சுமாரா சமைக்கும். பிரியாணியில உப்பு மறந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். தமாஷான மனுஷர் என்றார்கள். பாய் சிரிக்கவில்லை.

"சின்னதுல வலிப்பு வந்துச்சு. மாத்திர சாப்புடுது. இப்ப வர்றதில்ல. இனிமே வரவே வராதுன்னு நான் சொல்லமாட்டேன்."

அந்தப் பக்கம் டீ டம்ளர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். அடுத்து சேலத்துக்காரர்கள் வந்தார்கள். அதற்கப்புறம் பாலக்கோட்டுக்காரர்கள். டம்ளர், செருப்பு. டம்ளர், செருப்பு. பாதி குடித்த டீயை நான் கொட்டிக் கழுவுவேன். நசீமா பக்கத்தில் தையல் மெஷின்மேல் தலையை வைத்துக்கொண்டிருப்பாள்.

"எங்கத்தா வண்டியில கெடந்து கெடந்து நானும் வாடிப்போயிட்டேன் அக்கா" என்றாள் ஒருமுறை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைத் துடைத்தேன்.

தெருப் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் வண்டியை மறித்துக்கொண்டார்கள். வாத்தியார் மனைவிதான் ஆரம்பித்தார்.

"என்னைக்கோ நின்னுபோனத எதுக்குங்க பாய் சொல்றீங்க? அவங்கவங்க என்னென்னவோ மறைச்சிக் கட்டி வெக்கிறாங்க. பொண்ணு பெத்த வயிறு எரியாதா உங்களுக்கு?"

பாய் கையில் இருந்த கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புழு இருக்குதுன்னு சொல்லிக் குடுத்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"அந்த எடத்த அரிஞ்சி போட்டுட்டு மிச்சத்த சமைப்போம்."

"சொல்லாம குடுத்தா?"

பாய் கத்திரிக்காயை வண்டியில் வைத்தார்.

"முழுசாத் தூக்கித் தெருவுல எறிவீங்க. எம் பொண்ண யாரும் தெருவுல எறியக்கூடாதும்மா."

வழி விட்டார்கள். அவர் "சுமாரான கத்திரிக்கா" என்று கூவிக்கொண்டே போனார். அன்றைக்குக் குரல் சுமாராகத்தான் இருந்தது.

கடைசியில் இண்டூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் தொப்பூரில் லாரிகளுக்கு டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். அந்த அம்மா தர்மபுரிக்கு வந்தால் பாய் வண்டியில்தான் காய் வாங்குவாராம். பாய் வழக்கம்போல ஆரம்பித்தார். உப்பு, வலிப்பு, மாத்திரை. கூடவே கோபம், வாய்த்துடுக்கு, தூக்கத்தில் பேசுவது வரை சொன்னார். நான் டம்ளர் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"கொறையெல்லாம் சொல்லிட்டீங்க பாய். நல்லது ஒண்ணும் சொல்லலியே?" என்றார் அந்த அம்மா.

நசீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"நல்ல பொண்ணும்மா" என்றார் பாய்.

"போதும். உங்க வாயால அந்த வார்த்த வந்துடுச்சு. வேற என்ன வேணும் எனக்கு?"

கல்யாணம் முடிந்து அவளை அனுப்பிய பிறகு கொஞ்ச நாள் பாய் கூவாமலே வண்டி தள்ளினார். ஏன் என்று என் மாமியார் கேட்டார். "வூட்டுல இருந்த ஒரே நல்லதயும் குடுத்துட்டேன். இனிமே எத ஆயா கூவறது?" என்றார்.

வருஷம் திரும்புவதற்குள் நசீமாவுக்கு அங்கே வலிப்பு வந்தது. செய்தி கேட்டதும் பாய் வண்டியை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு இண்டூர் பஸ் ஏறினார். மகளைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவார் என்று தெருவே நினைத்தது. தனியாக வந்தார். "சொல்லித்தானே குடுத்தீங்க, எதுக்கு ஓடிவந்தீங்கன்னு கேக்கறாங்க தங்கச்சி" என்று என்னிடம் சொல்லி, தோளில் இருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா அவளைத் தனியாக அடுப்பிடம் விடுவதில்லையாம். தண்ணீர்ப் பக்கம் போனால் கூடவே போவாராம். நசீமா ஊருக்கு வரும்போது, "என் மாமியார் எனக்கு வாலு மாதிரி அக்கா" என்பாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

அப்படிச் சில வருஷம் நன்றாக இருந்தாள். ஒருநாள் மாமியாருக்குக் காய்ச்சல். இவள் எழுப்பாமல் ஏரிக்குத் துணி துவைக்கத் தனியாகப் போய்விட்டாள். முழங்கால் தண்ணீர்தான். வலிப்பு வந்து முகம் குப்புற விழுந்தவளைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

அவள் சாவுக்கு நானும் போயிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கூட்டத்துக்குள் நான் போனது அதுதான். பாய் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அழவில்லை. காய்ச்சல் இன்னும் விடாத அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் பாய்" என்றார். "நல்ல பொண்ணு."

அப்போதுதான் பாய் அழுதார்.

கொஞ்ச நாள் கழித்துத் தெருமுனையில் குரல் கேட்டது. "சுமாரான கத்திரிக்கா... முத்தின வெண்டக்கா..." தெருவில் எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நல்லது என்று அவர் சொன்ன அன்றைக்கு ஓடியதுபோல் யாரும் ஓடவில்லை. மெதுவாக வந்தார்கள். பேரம் பேசாமல், பொறுக்காமல் அள்ளிக்கொண்டார்கள். நானும் முறத்தை எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கி, முதல் தடவையாக வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். "வெண்டக்கா முத்தல் தங்கச்சி. வேணாம்" என்றார்.

"தெரியுங்க அண்ணா. போடுங்க" என்றேன்.

இதில் சில விவரங்கள் தப்பாக இருக்கலாம். அந்த அம்மாவின் ஊர் இண்டூரா, ஏரியூரா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்கள் முதலில் வந்தார்களா, சேலத்துக்காரர்களா என்பதும் நிச்சயமில்லை. அந்தத் தெருவில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். வெண்டைக்காய் முற்றல்தான் என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அது அவரே சொன்னது.