நாலாம் நம்பர் வெளியே

போன மாதம் ஒரு நாள் இருட்டிய பிறகு உள்ளறையிலிருந்து "புஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி "புஸ்ஸ்ஸ்". கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறி நின்றுவிட்டேன். பாம்புக்கு நாற்காலி ஏறத் தெரியுமா என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

"என்னங்க, உள்ள பாம்பு."

"பாம்பு இல்ல, ஸ்டாக்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. என் வீட்டுக்காரர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வருஷம் கால்பந்து ஆடியவர். டிஃபென்ஸில் நாலாம் நம்பர் சட்டை. எதிரணி ஆட்கள் இவரைக் கண்டாலே சுற்றிப் போவார்களாம். போன வருஷம் முட்டி கைவிட்டது. பிசினஸ் கைகொடுக்கும் என்று மொத்தமாகப் பந்து வாங்கி விற்க ஆரம்பித்தார். இப்போது வாடிக்கையாளர்கள் சுற்றிப் போகிறார்கள்.

ஊரில் எல்லா வியாபாரியும் பந்தைச் சப்பையாக மடித்து அடுக்கி வைப்பான். முந்நூறு பந்து கட்டிலுக்கடியில் நாலு பெட்டியில் அடங்கிவிடும். இவருக்கு மட்டும் காற்றில்லாத பந்தைப் பார்த்தால் மனசு கேட்காது. மூன்றே நாளில் உள்ளறை நிரம்பிவிட்டது.

எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை அதுதான். சரக்குக்குக் காவல் வேண்டுமாம். இவர் பந்துகளோடு உள்ளே தாழிட்டுத் தூங்கினார். நானும் பாப்பாவும் கூடத்தில், தெருக்கதவுக்கு நேரே படுத்தோம். அந்தக் கதவின் பூட்டு பெயருக்குத்தான். காற்று தள்ளினாலே திறக்கும். தூங்காத குழந்தை தூங்கினாலும் நான் கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

கெஞ்சிப் பார்த்தேன். அழுது பார்த்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அதை அவர் கவனிக்கவே இல்லை. எதைச் சொன்னாலும், மாற்று ஆட்டக்காரர் மாதிரி கொஞ்ச நாள் பெஞ்சில் இரு, நேரம் வரும்போது கூப்பிடுகிறேன் என்பார்.

நேற்று யாரோ ஒரு ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். பக்கத்து வீட்டு டெய்லரைத் தேடி வந்தாராம். மன்னிப்புக் கேட்டுப் போய்விட்டார். தாழிட்ட அறைக்குள்ளிருந்து இவர் கேட்டார்:

"யாரு, கஸ்டமரா?"

அப்போதுதான் முடிவு செய்தேன்.

கான்வென்ட்டில் நான் கற்ற உருப்படியான வித்தை சார்ட் பேப்பரை வெட்டி ஒட்டுவது. இன்று பொழுது சாய்ந்ததும் உள்ளறை வாசலில் பாப்பாவோடு போய் நின்று, பந்துப் பெட்டியோடு இலவசமாக வந்த அவருடைய விசிலையே ஊதினேன். நிமிர்ந்தார். ஆட்டத்தில் ஆள் மாற்றும்போது காட்டுவார்களே, அந்த மாதிரி நான் செய்த அட்டையைத் தூக்கிக் காட்டினேன். வெளியே போக, சிவப்பில் நாலு. உள்ளே வர, பச்சையில் பன்னிரண்டு.

பதினொரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? பம்ப்பைக் கீழே வைத்தார். ஒரு பெருமூச்சு. நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். பன்னிரண்டாம் நம்பர் பாப்பாவின் குட்டிக் கையில் தட்டினார், என் தோளையும் தட்டினார், கூடத்தில் நாற்காலியில் போய் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடித்தார். நானும் பாப்பாவும் உள்ளே போனோம்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"இந்தாம்மா, நான் ஏன் வெளிய வந்தேன்?"

"மாத்திட்டாங்க."

"சரி. மறுபடி எப்ப இறங்கறது?"

"வெளிய போனவர் அதே மேட்ச்ல திரும்ப இறங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

நடுவரிடம் ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவர்.

"மேட்ச் எப்ப முடியும்?"

"பாப்பா ஸ்கூலுக்குப் போகட்டும், பாக்கலாம்."

தெருப்பக்கம் கதவு கிரீச்சிட்டது. நாற்காலி நகர்ந்தது.

"ஏம்மா, இந்தக் கதவு தள்ளினா திறந்துக்குதே?" என்றார், முதல் தடவையாக.

ஆமாங்க என்று சொல்லிவிட்டு, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டேன்.